வாயைத் திறக்கவா, மூடவா?

கேள்வி: ஐயா, நீதிமொழிகள் 26:4 மூடனுக்குப் பதில் சொல்லாதே என்கிறது. அடுத்த வசனமே சொல் என்கிறது. எழுதியவர் கவனிக்கவில்லையா?

பதில்: கவனித்துத்தான் அருகருகே வைத்திருக்கிறார்கள். முதல் வசனத்தின் கவலை உங்களைப் பற்றியது: நீங்களும் அவனைப் போல ஆகிவிடுவீர்கள். இரண்டாவதன் கவலை அவனைப் பற்றியது: தன்னை ஞானி என்று நினைத்துக்கொள்வான். எது பெரிய ஆபத்து என்று அந்த நேரத்தில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். தல்மூத் என்ற யூத நூல் உருவான காலத்து ரபீக்களையும் (யூத போதகர்களையும்) இது உறுத்தியிருக்கிறது. வேதக் காரியமானால் பதில் சொல், உலகக் காரியமானால் விட்டுவிடு என்று பிரித்தார்கள். எனக்கு அது கொஞ்சம் இழுத்துப் பொருத்தியதாகவே படுகிறது.

கேள்வி: குஷ்டரோகியிடம் "ஒருவருக்கும் சொல்லாதே" (மாற்கு 1:44), லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் நீங்கியவனிடம் "போய்ச் சொல்" (5:19). இயேசு ஏன் மாற்றிப் பேசினார்?

பதில்: குஷ்டரோகிக்கும் முழு மவுனம் விதிக்கப்படவில்லை, ஆசாரியனிடம் போய்க் காட்டச் சொல்கிறார். அவன் கேட்காமல் ஊரெல்லாம் சொல்லிவிட்டான். விளைவு அடுத்த வசனத்திலேயே இருக்கிறது: இயேசுவால் வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் நுழைய முடியவில்லை, வனாந்தரத்தில் தங்கினார். கதரேனர் நாட்டில் நிலைமை தலைகீழ். அவனைவிட்டுப் போன பிசாசுகள் புகுந்த பன்றிக் கூட்டம் கடலில் விழுந்ததும் ஜனங்கள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் படவில் ஏறுகிறார். நடந்ததைச் சொல்ல அங்கே மிஞ்சுவது குணமான அந்த மனிதன்தான்.

யூதர் பகுதியில் மவுனம், புறஜாதியார் பகுதியில் பேச்சு என்று சிலர் சுலபமாக முடித்துவிடுவார்கள். அது சரிவராது. லேகியோன் நீங்கியவன் போய்ச் சொன்ன அதே தெக்கப்போலி என்ற புறஜாதியார் பகுதியில் செவிடனைக் குணமாக்கியபோது யாருக்கும் சொல்ல வேண்டாம் என்கிறார் (7:36). அப்போது அவர் அங்கேயே இருந்தார், கூட்டமும் இருந்தது. ஆக, ஊரைவிட சூழ்நிலைதான் காரணம் என்பது என் எண்ணம்.

கேள்வி: 1 கொரிந்தியர் 14:34-ல் சபையில் பெண்கள் பேசக்கூடாது. 11:5-ல் பெண்கள் ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனமும் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

பதில்: சகோதரி, 14-ஆம் அதிகாரத்தை 26-ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அர்த்தம் சொல்ல ஆளில்லாதபோது அந்நியபாஷை பேசுகிறவனும் (28), இன்னொருவருக்கு வெளிப்பாடு வந்தால் பேசிக்கொண்டிருப்பவனும் (30) பேசாமலிருக்க வேண்டும். மூன்று இடத்திலும் ஒரே கிரேக்க வினைச்சொல். முதல் இருவரும் ஆயுள் முழுக்க வாய்மூட வேண்டும் என்று யாரும் போதிப்பதில்லையே! வீட்டில் புருஷனிடம் கேட்கட்டும் என்று 35 சொல்வதால், கூட்டத்தின் நடுவே குறுக்கே கேள்வி கேட்பதைத்தான் பவுல் தடுக்கிறார் என்று நினைக்கிறேன். சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரு வசனங்கள் 40-க்குப் பிறகு வருகின்றன. அதனால் பிற்காலச் சேர்க்கை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு.

கேள்வி: இயேசுவைப் பற்றியது என்று நாம் வாசிக்கும் ஏசாயா 53:7 வாயைத் திறக்கவில்லை என்கிறது. விசாரணையில் இயேசு பேசினாரே?

பதில்: தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசவில்லை. பொய்ச்சாட்சிகளுக்குப் பதிலே இல்லை. பிரதான ஆசாரியன் ஜீவனுள்ள தேவன்பேரில் ஆணையிட்டுக் கேட்டதும் பேசினார் (மத்தேயு 26:63-64). ஆணையைக் கேட்டும் அறிந்ததை மறைப்பது குற்றம் என்பது லேவியராகமம் 5:1. ஏரோது அற்புதம் பார்க்க ஆசைப்பட்டு அநேக கேள்விகள் கேட்டான். அவனுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.