மெஷின் பக்கத்தில் நிற்கிற வேலைதானா?

"இவ்வளவு படித்துவிட்டு என் மகள் மெஷின் பக்கத்தில் நிற்கவா?" என்று, பிளாஸ்டிக் டெக்னாலஜி படிக்கப் போகும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நிற்கத்தான் வேண்டும். முதல் ஒன்றிரண்டு வருடம் ஷிஃப்ட் இருக்கும், சூடு இருக்கும். அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

இன்ஜெக்‌ஷன் மோல்டிங், அதாவது உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திப் பொருளாக்கும் வேலை என்றால், பிளாஸ்டிக் குருணையை மெஷினின் மேல்வாயான ஹாப்பரில் கொட்டிப் பட்டனைத் தட்டுவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பட்டன் தட்ட இரண்டு வாரத்தில் பழகிவிடும். மெட்டீரியல் பழகத்தான் வருடங்கள் ஆகும். நல்ல சம்பளமும் அதற்குத்தான்.

ஒன்று சொல்கிறேன். பாலிகார்பனேட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் விளக்கு மூடி ஓடுகிறது. திடீரென்று மேலே வெள்ளிக்கோடுகள். புதிதாக வந்தவர் பிரஷரை மாற்றுவார், வேகத்தை மாற்றுவார், ரிஜெக்‌ஷன் குவிந்துகொண்டே போகும். விஷயம் தெரிந்தவர் நேரே குருணையைக் காயவைக்கும் டிரையரிடம் போவார். அந்தக் குருணை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 120 டிகிரியில் 3, 4 மணி நேரம் காயவைத்து, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் குருணையை உருக்கும் பேரலுக்குள் 300 டிகிரியை ஒட்டிய சூட்டில் அந்தத் துளி நீரே மூலக்கூறுச் சங்கிலியை வெட்டிவிடும். கோடு தெரிந்தால் அதிர்ஷ்டம் என்பேன். சில சமயம் பார்க்கப் பளபளவென்று இருக்கும், கீழே விழுந்தால்தான் உடையும். நைலானுக்கும் காயவைப்பு உண்டு, ஆனால் சூட்டைக் கூட்டினால் மஞ்சளாகிவிடும். பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்குக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லையே கிடையாது.

பிவிசியையும் அசிட்டால் என்ற இன்னொரு பிளாஸ்டிக்கையும் ஒரே பேரலில் கலக்கவிடக் கூடாது என்பதை அவள் முதல் வாரத்திலேயே கற்க வேண்டும். பிவிசி சிதைந்து வரும் அமிலம் அசிட்டாலைச் சிதைத்து, ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கிளப்பும். இது தரப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

வேதியியல் என்றாலே அவளுக்கு அலர்ஜி என்று எழுதியிருந்தீர்கள். சரி, மோல்டு டிசைன், அதாவது அச்சு வடிவமைக்கும் பக்கம் போகலாம். ஆனால் அங்கேயும் மெட்டீரியல் விடாது. ஆறும்போது ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அரை சதவீதம் போலத்தான் சுருங்கும், பாலிபுரோப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை. ஒன்றுக்கு வெட்டிய மோல்டில் இன்னொன்றை ஓட்டினால் மூடி டப்பாவில் உட்காராது.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். லேபில் டிரையர் ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவரை ஓரமாகக் கூப்பிட்டு, "நைலானை எவ்வளவு நேரம் காயவைப்பீர்கள்?" என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். "80 டிகிரி, 4 மணி நேரமாவது" என்று சட்டென்று வந்தால் கை வைத்துப் படித்திருக்கிறார். "சார்கிட்டதான் கேட்கணும்" என்றால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள். வேலை நாளில் போங்கள், விடுமுறையில் லேப் பூட்டியிருக்கும்.