த்ரெட்கள் ஓடுவதைப் படமாகப் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: 8 கோர் மெஷினில் 8 த்ரெட் (ஒரே புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) போட்டும் புரோகிராம் வேகமாகவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: நிரலைப் படித்தது போதும், முதலில் டைம்லைன் படம் எடுங்கள். கோ மொழி என்றால் 2015-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்தே டிரேஸ் வசதி (எது எப்போது ஓடியது என்று பதிவு செய்வது) கூடவே வருகிறது, சி++ என்றால் பெர்ஃபெட்டோ என்ற டிரேஸ் கருவி இருக்கிறது. நேரம் இடமிருந்து வலமாக ஓடும், த்ரெட்டுக்கு ஒரு வரிசை (கோ மொழியில் பிராசசருக்கு ஒன்று). எல்லோருடைய கண்ணும் வேலை நடப்பதைக் காட்டும் வண்ணக் கட்டைகள் மேல்தான் போகும், நீங்கள் இடையில் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள். ஒரு வரிசையில் கட்டை முடிந்த பிறகுதான் அடுத்ததில் தொடங்குகிறது, அப்படியே படிக்கட்டு மாதிரி இறங்குகிறது என்றால் எல்லாம் ஒரே லாக்குக்கு (ஒரு சமயத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) காத்துக் கிடக்கின்றன. நான் ஒரு வாரம் அல்காரிதத்தைக் குடைந்துகொண்டிருந்தேன், படம் எடுத்த பத்தாவது நிமிடத்தில் தெரிந்துவிட்டது, எல்லா த்ரெட்டுக்கும் பொதுவான ஒரு கேஷின் (தற்காலிகச் சேமிப்பு) லாக்தான் காரணம். கேஷைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி லாக் போட்டேன், படிக்கட்டு மறைந்தது.

கேள்வி: ஃபிளேம் கிராஃப் போதாதா?

பதில்: இதற்குப் போதாது. 2011-இல் பிரெண்டன் கிரெக் உருவாக்கிய அந்தப் படத்தில் கிடைமட்ட அச்சு நேரம் இல்லை, அகலம் என்பது சிபியு எங்கே அதிகம் செலவாகிறது என்பது மட்டும்தான். தூங்கும் த்ரெட் வழக்கமான ஃபிளேம் கிராஃபில் வரவே வராது, அதற்கு ஆஃப்-சிபியு என்று தனி வகை உண்டு.

கேள்வி: புரோகிராம் அப்படியே உறைந்துவிடுகிறது, டெட்லாக்கா (த்ரெட்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து அப்படியே நின்றுவிடுவது)?

பதில்: பேப்பரை எடுங்கள். த்ரெட்டுக்கு வட்டம், லாக்குக்குச் சதுரம். காத்திருக்கும் த்ரெட்டிலிருந்து லாக்குக்கு ஒரு அம்பு, லாக்கிலிருந்து அதை வைத்திருக்கும் த்ரெட்டுக்கு ஒரு அம்பு. அம்புகள் சுற்றி வந்து கிளம்பிய இடத்திலேயே சேர்ந்தால் டெட்லாக்தான். ஜாவா என்றால் ஜேஸ்டாக் (jstack) என்ற கருவியை ஓட்டுங்கள், யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

கேள்வி: பிரிண்ட் போட்டால் பிழை காணாமல் போகிறது, எடுத்தால் திரும்ப வருகிறது!

பதில்: பிரிண்ட் உள்ளேயே பெரும்பாலும் ஒரு லாக் இருக்கிறது, அது த்ரெட்களின் வரிசையையே மாற்றிவிடும். டிரேஸும் கொஞ்சம் தாமதப்படுத்தும், ஆனால் ரொம்பக் குறைவு. அப்புறம் முக்கியமான ஒன்று, படம் காட்டுவது அந்த ஒரு ஓட்டத்தை மட்டுமே. உங்களுடையது டேட்டா ரேஸ் (லாக் இல்லாமல் இரண்டு த்ரெட்கள் ஒரே தரவைத் தொடுவது, அதில் ஒன்றாவது எழுதுவது) மாதிரி தெரிகிறது, அதற்கு அதைக் கண்டுபிடிக்கும் த்ரெட்சானிடைசர் கருவியைப் போட்டு ஓட்டுங்கள், கோ மொழியில் -race கொடி.