ஆச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. வேலை வெறுத்துப்போய் நீண்ட லீவில் வந்திருக்கிறான். வீட்டில் படுத்துத் தூங்குவான் என்று பார்த்தால், தினமும் பைக்கை எடுத்துக்கொண்டு ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போய்விடுகிறான். கையெல்லாம் சாயம். பெண் வீட்டார் கேட்டால் என்ன சொல்வது ஆச்சி?
– ஒரு தாய், தேவகோட்டை

பதில்: லீவில் வந்திருக்கிறான் என்று சொல்லு தங்கச்சி, உண்மைதானே! கைச் சாயத்தைப் பார்த்து ஓடுகிற சம்பந்தம் ஓடட்டும்.

ஒருநாள் நீயும் அந்தப் பட்டறைக்குப் போய்ப் பாரு. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்ற வேண்டும். கவனம் பிசகினால் சிவப்பு மஞ்சளில் கலந்துவிடும். அச்சைத் தூக்கிவிட்டு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் பண்ணுவார்கள். சூளை கிடையாது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். கண்ணாடி கழன்றதும் அதன் வழவழப்பு கல்லுக்கு வந்திருக்கும். எந்த மேனேஜர் போன் போட்டாலும் அது சீக்கிரம் ஊறாது.

உன் பிள்ளையின் வேலையில் எதுவுமே முடிவதில்லை. இன்று எழுதியதை நாளை மாற்றச் சொல்வார்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் மெசேஜ் வரும். இங்கே அவன் செய்த கல் மேல் அவனே ஏறி நிற்கலாம். கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருப்பதால் ஆபீஸ் நினைப்புக்கு உள்ளே வர இடமில்லை. வேலையிலிருந்து மனசு முழுசாக விலகுவதும், புதுசாக ஒன்றைக் கற்றுத் தேறுவதும் களைப்பு தீர உதவும் என்று சபீன் சொன்னென்டாக் என்ற ஜெர்மன் உளவியல் அறிஞர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

சோம்பேறி என்று மட்டும் அவனைச் சொல்லாதே. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலையால் மனசு வெறுத்துக் களைத்துப்போகிற இந்த 'பர்ன்-அவுட்'டை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் தீராமல் நீடிப்பதால் வருவது என்றுதான் சொன்னது. அதனால் திரும்பிப் போகும்போது வேலைச் சுமையைப் பற்றி அவன் அங்கே பேசியாக வேண்டும். ஆத்தங்குடிக் கல் அதைச் சரிபண்ணாது.

இன்னொன்று. அதே பட்டறையில் காலையிலிருந்து குந்தியிருக்கிற மேஸ்திரியிடம் 'இது மனசுக்கு இதமா இருக்கா' என்று கேட்டால் இடுப்பைக் காட்டுவார். உன் பிள்ளை நினைத்தபோது எழுந்து வரலாம், அதுதான் அவனுக்கு மருந்து. வேலையை விட்டுவிட்டுப் பட்டறை வைக்கிறேன் என்று அவன் கிளம்பினால், கெடு வைத்த ஆயிரம் கல் ஆர்டர் ஒன்றை மேஸ்திரியோடு உட்கார்ந்து முடித்துவிட்டு வந்து பேசச் சொல்லு.

கேள்வி: நான் ஐடி. மன அழுத்தம் குறைய ஓட ஆரம்பித்தேன். நேற்றைவிட வேகம் குறைந்ததாக ஸ்மார்ட் வாட்ச் காட்டினால் அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது.
– ஒரு வாசகர், சென்னை (சொந்த ஊர் காரைக்குடி)

பதில்: ஆபீசில் ஒரு டேஷ்போர்டு போதாதென்று மணிக்கட்டில் இன்னொன்றா? கழற்றி வை தம்பி. தைப்பூசத்துக்குக் காவடியோடு பழனிக்கு நடக்கிற நம் ஊர்க்காரர்கள் கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்றா பார்க்கிறார்கள்? கூட வருகிறவர் நடைதான் நம் நடை. யாராவது ஒருத்தரைச் சேர்த்துக்கொண்டு, பேசிக்கொண்டே ஓடு. அப்படியும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பார்த்துவிடு.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலைக் கொட்டான் முடையப் பழகுகிறேன். நிம்மதியாக இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் விற்கச் சொல்கிறார்கள் தோழிகள்...
– ஒரு வாசகி, கோவை

பதில்: விற்க ஆரம்பித்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் டெலிவரி தேதி வந்துவிடும். முடைந்ததை வேண்டியவர்களுக்குச் சும்மா கொடு. செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அதை முடைந்தே பிழைக்கிற பெண்கள் இங்கே இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க நினைக்கிற தோழிகளை அவர்களிடம் அனுப்பு.