நேற்றுப் போன மெசேஜ் இன்று ஏன் போகவில்லை? மெஷ்கோர் கேள்வி பதில்

மெஷ்கோர் என்பது சிம்மும் இணையமும் இல்லாமல், சிறு ரேடியோ கருவிகள் ஒன்றுக்கொன்று கைமாற்றி மெசேஜ் அனுப்பும் அமைப்பு. இந்தத் தடவை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன: கருவி மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பழைய பாதை.

அண்ணா, நண்பருக்கு நேற்று ராத்திரி வரை மெசேஜ் போனது. காலையிலிருந்து டிக் விழவில்லை. ஆனால் சேனலில் நான் போடுவது அவருக்குக் கிடைக்கிறது. ரேடியோ போச்சா?

ரேடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, சேனல் மெசேஜே அதற்குச் சாட்சி. சேனலில், அதாவது எல்லோருக்கும் பொதுவான குழுவில், போடுவது எப்போதும் ஃபிளட், வெள்ளம்போல் எல்லாப் பக்கமும் பரவும். காதில் விழுந்த ரிப்பீட்டர் (கேட்டதை மறுபடி ஒலிபரப்பும் இடைநிலைக் கருவி) எல்லாம் திருப்பிச் சொல்லும். தனி மெசேஜ் முதல் தடவை மட்டும்தான் அப்படிப் போகும். வழியில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் வழக்கமாகத் தன் பப்ளிக் கீயின் (அதுதான் அதன் அடையாள எண்) முதல் பைட்டை மெசேஜின் முதுகில் ஒட்டி அனுப்பும். அந்தப் பட்டியலை நண்பரின் கருவி உங்களுக்குத் திருப்பித் தரும். அடுத்த மெசேஜிலிருந்து பட்டியலில் உள்ளவை மட்டுமே, அதுவும் தன் முறை வரும்போது மட்டுமே, வாய் திறக்கும். மற்றவை கேட்டும் கேட்காததுபோல் இருந்துவிடும்.

நடுவில் ஒன்று படுத்துவிட்டால் மெசேஜின் கதை அங்கேயே முடிந்தது. வழி அடைபட்டது என்று திரும்பி வந்து சொல்ல ஆள் கிடையாது. அந்தக் காண்டாக்டில் ‘ரீசெட் பாத்’ கொடுங்கள். அடுத்த மெசேஜ் ஃபிளட்டாகப் போய்ப் புது வழியோடு வரும்.

ரீசெட் செய்தால் சரியாகிறது. ஆனால் தினமும் காலையில் இதே கூத்து. ரிப்பீட்டர் எதுவும் அணைந்ததாகத் தெரியவில்லை.

ராத்திரியில் கற்ற பாதையாக இருக்கும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேல் வெப்பமான காற்று படிந்தால் அலை வளைந்து வழக்கத்தைவிட வெகுதூரம் ஓடும். அப்போது எங்கோ இருக்கும் ரிப்பீட்டர் ஒன்று உங்கள் குரலை ஒரே தாவலில் பிடித்துவிடுகிறது. ஃபிளட்டில் முதலில் வந்து சேர்ந்த பிரதிக்குத்தான் மரியாதை. பின்னால் வருவதெல்லாம் ஏற்கெனவே பார்த்தது என்று தள்ளப்படும். அதனால் நிலையான மூன்று ஹாப் (தாவல்) வழி தோற்று, அந்த அதிர்ஷ்டத் தாவல் பதிவாகிவிடும். வெயில் ஏறியதும் தாவல் காணாமல் போகும், பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். பகலில் ரீசெட் செய்து கிடைத்த பாதையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் பாதையைக் கையாலும் எழுதி வைக்கலாம்.

மெசேஜ் வந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். எனக்கு மட்டும் டிக் இல்லை.

உங்களிடம் இருப்பது அவரை நோக்கிய பாதை. அவரிடம் இருப்பது உங்களை நோக்கிய பாதை. இரண்டும் தனித்தனி. அவருடையது பழசாகியிருந்தால், உங்களுக்கு டிக் போடும் ஒப்புகை வழியிலேயே சாகும். யாராவது ஒருவர் ரீசெட் செய்து அனுப்பினால் போதும். ஃபிளட்டாக வந்த மெசேஜுக்குப் பதிலாகப் பாதையும் ஃபிளட்டாகத் திரும்பும். அதைப் பெற்ற கருவி எதிர்த்திசைப் பாதையையும் அந்தப் பக்கம் கொடுத்துவிடும்.

அப்படியானால் ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் ரீசெட் செய்துவிட்டால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். மூன்று ரிப்பீட்டர் வழியாக நேராகப் போனால் நான்கே ஒலிபரப்பு. அதையே 20 ரிப்பீட்டர் உள்ள வலையில் ஃபிளட் ஆக்கினால் 21 வரை போகும், அத்தனையும் ஒரே அலைவரிசையில். டிக் வராமல் சில முறை முயன்று தோற்றபின் தானாகவே ஃபிளட்டுக்கு மாறும் அமைப்பு செயலியிலேயே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலானோருக்கு இல்லாதது பாதை அல்ல, அந்தப் பொறுமைதான்.

அட்வர்ட் அனுப்பினால் பாதை புதுப்பிக்கப்படுமா?

இல்லை. அது பெயரையும் கீயையும் ஊருக்குச் சொல்லும். உங்கள் காண்டாக்டுகளில் சேமித்த பாதையைத் தொடாது.

மெஷ்டாஸ்டிக் என்ற இன்னொரு ரேடியோ மெசேஜ் அமைப்பிலும் இதே தொல்லை உண்டா?

அங்கே முழுப் பட்டியல் கிடையாது. 2.6 பதிப்பிலிருந்து தனி மெசேஜுக்கு அடுத்த ஹாப் எது என்பதை மட்டும் நினைவில் வைக்கும். அது கைவிட்டால் கடைசி முயற்சி ஃபிளட்டாகப் போகும். தவறு வந்தாலும் பெரும்பாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

பழைய ரிப்பீட்டரின் போர்டு எரிந்துவிட்டது. அதே இடம், அதே ஆண்டெனா, அதே பெயரில் புதியது வைத்தேன். எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள்!

நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதால் போர்டை மாற்றினேன். பெயரைக்கூட எழுத்துப் பிசகாமல் போட்டேன். மாலைக்குள் அந்த வழியாகப் போகும் தனி மெசேஜ் எல்லாம் நின்றுபோயின. ஏணி போட்டு ஏறி இறங்கி, கேபிளைச் சந்தேகித்து, கனெக்டரை மறுபடி இறுக்கி அரை நாள் போனது. குற்றவாளி கீ. புது போர்டு புதுக் கீயை உருவாக்கிக்கொண்டது, முதல் பைட் மாறிவிட்டது. பட்டியலில் பழைய பைட்டைப் பார்த்த ரிப்பீட்டர், அது தான் அல்ல என்று சும்மா இருந்தது. பெயரை அது பார்ப்பதே இல்லை.

பழைய பிரைவேட் கீ (பப்ளிக் கீயின் ரகசிய ஜோடி) சேமிப்பில் இருந்தால் புது போர்டில் ஏற்றுங்கள், யாரும் எதையும் தொட வேண்டாம். இல்லையென்றால் சேனலில் ஒரு வரி போட்டு, அந்த வழியைப் பயன்படுத்துகிறவர்களை ஒருமுறை ரீசெட் செய்யச் சொல்லுங்கள். சேனல் மெசேஜுக்கு அந்தப் பழைய பாதை தேவையே இல்லை.