அசைன்மென்ட் எழுதித் தருகிறவர்

அன்புள்ள அண்ணா,

மண்டூரிலிருந்து எழுதுகிறேன். முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். உயர்தரத்தில் எடுத்த இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற புள்ளி) காணாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. வெளிவாரியாகக் கலைமாணி செய்வதா, திறந்த பல்கலைக்கழகத்தில் பதிவதா என்று குழப்பம். மச்சான் அதைத் 'தபால் டிகிரி' என்கிறார். வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு அசைன்மென்ட் எழுத நேரம் வராது. டவுனில் காசுக்கு எழுதித் தருகிற ஒருவர் இருக்கிறாராம். அப்படியாவது முடிக்கலாமா?

ச.

அன்புள்ள தங்கச்சி,

மச்சானை விட்டுவிடுவோம். திறந்த பல்கலைக்கழகமும் வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தைப் போல 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் வந்ததுதான். 1980இல் தொடங்கியது, மட்டக்களப்பிலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது. அவர் ஒரு நாள் போய்ப் பார்க்கட்டும்.

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளாக இதே எரிச்சலோடுதான் திரிகிறேன். தேத்தண்ணிக் கடையில் இருந்துகொண்டு பக்கத்துக்கு இவ்வளவு என்று விலை பேசுகிறார்கள், வெட்கமே இல்லாமல்.

வெளிவாரியில் பல்கலைக்கழகத்தோடு உங்களுக்குள்ள உறவு பெரும்பாலும் பதிவும் சோதனையும்தான், நடுவில் ரியூசன்காரர் பாடு. திறந்த பல்கலைக்கழகத்தில் புத்தகம் தருவார்கள், டே ஸ்கூல் என்று நேரடி வகுப்பு வைப்பார்கள், அசைன்மென்ட் கேட்பார்கள், தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி இல்லையென்றால் கடைசிச் சோதனைக்கே இருக்கவிட மாட்டார்கள். எல்லாரும் இதைத் தொல்லை என்கிறார்கள். ஐயோ, அந்தத் தொல்லைதானே படிப்பு! தினமும் முகம் பார்த்துப் படிப்பிக்க ஆளில்லாத இடத்தில், உங்களுக்கு விளங்கியதா இல்லையா என்று ஆசிரியர் அறிகிற கடதாசி அது. அதையும் இன்னொருத்தரிடம் எழுதுவித்தால் ஆசிரியர் யாருக்குத்தான் படிப்பிக்கிறது?

மகிழடித்தீவில் எனக்கு ஒரு மாமி, திறந்த பல்கலைக்கழகத்தில்தான் படித்தார். மண்முனையில் பாலம் வந்தது 2014இல். அதற்கு முந்திய காலம், வாவியைக் கடக்கிற பாதைக்கு, அதுதான் அந்த மிதவைப் படகுக்கு, காத்து நிற்கிற நேரத்திலும் கொப்பியும் கையுமாகத்தான் இருப்பார். திருத்தி வந்த ஒன்றின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள், கேள்விக்குப் பதில் மூன்றாம் பக்கத்துக் கடைசி வரியில்தான் இருக்கிறது.' மாமி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், திருத்தியவருக்குச் சாபம் வேறு. ஆனால் அதற்குப் பிறகு, பிரதேச செயலகத்துக்கு ஒரு மனு எழுதினாலும் முதல் வரியிலேயே விசயம் வந்துவிடும். ஊரில் பாதிப்பேர் மனு எழுத அவரிடம்தான் வந்தார்கள். காசுக்கு எழுதித் தருகிறவரிடம் அந்தச் சிவப்பு மையையும் சேர்த்து வாங்க ஏலுமா?

நேரம் இல்லையாம். எனக்கு எழுதிய கடிதம் ஆறு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். நல்ல கடிதம், ஒரு இடத்திலும் சலிக்கவில்லை. இதை எழுதின ஆளுக்கு இன்னொருத்தர் எழுதித் தருவதா? கோபம் வருகிறது தங்கச்சி.

சரி, வெளிவாரியா திறந்ததா என்று கேட்டிருந்தீர்கள். பட்டத்துக்கு அந்தரப்பட வேண்டாம். முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ் திறந்த பல்கலைக்கழகத்தில் தமிழிலேயே இருக்கிறது, உங்கள் வேலையும் அதுதான். அதில் ஒரு அசைன்மென்ட்டை நீங்களே எழுதிக் கொடுங்கள். புள்ளி எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை, திருத்தி வந்ததும் எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த ஆளின் நம்பரை இப்பவே அழித்துவிடுங்கள்.