தோல் மெஷின் சர்வீஸ் வேலைக்கு மகனை அனுப்பலாமா?

"ஆரணி பக்கம் கிராமம். கணவர் தறி நெய்கிறார். மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டான். தோல் பதனிடும் மெஷின்களை விற்று, பழுது பார்த்துக் கொடுக்கும் ராணிப்பேட்டை கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியர் வேலை கிடைத்திருக்கிறது. அவனுக்கு ஆசை. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. நாற்றம், கெமிக்கல், உடம்பு கெட்டுவிடும் என்கிறார்கள். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றும் இருக்கிறது. பேசாமல் ஒரகடம் கார் கம்பெனியிலோ செய்யாறு ஷூ கம்பெனியிலோ சேரச் சொல்லலாமா?"

வணக்கம் அம்மா.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி போகட்டும். ஆனால் சேருவதற்கு முன் கம்பெனியிடம் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றுக்கு மழுப்பலான பதில் வந்தால் வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

அவன் சேரப்போவது டேனரிக்கு, அதாவது தோல் பதனிடும் ஆலைக்கு, மெஷின் கொடுக்கும் கம்பெனியில். ஆனாலும் வேலை நடப்பது டேனரிக்குள்தான், அதில் சந்தேகம் வேண்டாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று அவன் பைக் ஓடிக்கொண்டே இருக்கும். சில சமயம் ஈரோடு, திண்டுக்கல் வரை போக வேண்டிவரும். எங்கே மெஷின் நின்றாலும் போன் வரும், ஞாயிற்றுக்கிழமையும் வரும். சுண்ணாம்பில் ஊறிக் கிடக்கும் தோலுக்கு லீவு தெரியாது. நேரத்துக்கு அடுத்த கட்டத்துக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். அதனால் முதலாளி தவித்துப் போவார், தம்பியை விரட்டுவார். இந்த வேலையின் கஷ்டங்களில் முதலாவது இதுதான்; நாற்றம் அதற்கு அப்புறம்தான்.

உள்ளே என்ன மெஷின்கள் இருக்கும் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தால் நல்லது. உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலைக் கழுவுவது, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் போட்டு முடி நீக்குவது, குரோமியம் உப்பு ஏற்றிப் பதனிடுவது, சாயம் போடுவது எல்லாமே டிரம்மில் நடக்கும். ஆளைவிட உயரமான உருளை அது, பெரும்பாலும் மரத்தில் செய்தது. சுண்ணாம்பு போடும்போது நிமிடத்துக்கு 2 முதல் 4 சுற்றுதான் ஓட வேண்டும். வேகம் கூடினால் தோலின் மேற்பரப்பு உராய்ந்து போகும். குரோம் ஏற்றும்போது 8 முதல் 12 சுற்று வரை போகலாம். மர டிரம்மை நாள்கணக்கில் காயவிட்டால் பலகை சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும். வேலை இல்லாத நாளிலும் தண்ணீர் விட்டு வைப்பார்கள். குரோம் ஏறிய தோல் நீலமாக வெளியே வரும். அதற்கு வெட் ப்ளூ என்று பெயர்.

டிரம்முக்கு வெளியே நிற்பவை தனி வரிசை. அடிப்பக்கத்துச் சதையைச் சீவுவதற்குப் பிளஷிங், மாட்டுத் தோலை இரண்டு அடுக்காக அறுப்பதற்கு ஸ்பிளிட்டிங், தண்ணீரைப் பிழிவதற்குச் சாமியிங், கனத்தைச் சரிசெய்வதற்கு ஷேவிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மெஷின். அதைத் தாண்டினால் வேக்யூம் டிரையர், தோலை மிருதுவாக்கும் ஸ்டேக்கிங், மேற்பரப்பைத் தேய்க்கும் பஃபிங், பூச்சு பீச்சும் ஸ்ப்ரே, தகட்டால் அழுத்தும் பிளேட் பிரஸ். கடைசியில் பரப்பளவை அளக்கும் மெஷின். தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். அளக்கும் மெஷின் நூற்றுக்கு ஒன்று குறைத்துக் காட்டினால் பத்தாயிரம் சதுர அடியில் நூறு சதுர அடி போச்சு. அந்த மெஷினைத் துல்லியமாக வைத்திருப்பவனை முதலாளி எப்படிக் கவனித்துக்கொள்வார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையில் எதைக் கற்றுக்கொள்வது என்று தம்பி கேட்டால், ஷேவிங்கையும் ஸ்பிளிட்டிங்கையும் பிடித்துக்கொள் என்பேன்.

ஷேவிங் மெஷினில் ஒரு உருளை, அதன் மேல் சுருள் சுருளாகக் கத்திகள். நடுவிலிருந்து ஒரு பாதி இடப்பக்கமும் மறுபாதி வலப்பக்கமும் சுற்றிப் போகும். அப்படி இருந்தால்தான் தோல் நடுவில் சுருண்டுகொள்ளாமல் இரண்டு பக்கமும் விரிந்துகொடுக்கும். கத்தி தேயத் தேய மெஷினுக்குள்ளேயே ஒரு சாணைக்கல் நகர்ந்து வந்து தீட்டிவிடும். கத்தி முழுக்கத் தேய்ந்துபோனால் பழைய கத்திகளைப் பிடுங்கிவிட்டு, புதிய கத்திகளைக் காடியில் உட்காரவைத்து, பக்கத்தில் செப்புப் பட்டையை அடித்து இறுக்க வேண்டும். அதன் பிறகு உருளையைப் பேலன்ஸ் பார்த்து, மறுபடி சாணை பிடித்து, ஒரு தோலை விட்டு நாலைந்து இடத்தில் கனம் அளக்கும் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஷூ மேல்தோல் என்றால் 1.2 மில்லிமீட்டர் மாதிரி கேட்பார்கள், ஜாக்கெட் தோல் அதில் பாதிதான் இருக்கும். எங்கே கேஜ் வைத்தாலும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. கட்டிங் பிரிவில் கனம் மாறி மாறி வந்தால் ஏற்றுமதி ஆர்டர் திரும்பி வந்துவிடும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உருளையின் பேரிங் லேசாகத் தேய்ந்திருந்தால் மெஷினில் ஒன்றும் தெரியாது, சத்தமும் மாறாது. சீவிய தோலின் மேல் மட்டும் மெல்லிய அலை அலையான கோடுகள் விழும். ஈரத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் தப்பிவிடும். சாயம் போட்டுக் காய்ந்த பிறகு பளிச்சென்று வந்து நிற்கும், அதற்குள் நூற்றுக்கணக்கான தோல் ஷேவிங்கைத் தாண்டிப் போயிருக்கும். அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் தோலைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். கோட்டின் இடைவெளி ஒரே சீராக இருந்தால் உருளையைச் சந்தேகப்படுவான். ஒரு பக்கம் மட்டும் கனம் கூடினால் ரோலர் இணையாக இல்லை என்பான். இந்தப் பார்வை வர இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும், வந்துவிட்டால் போகாது. பாலிடெக்னிக்கில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. தோல் டெக்னாலஜி படித்தவர்களுக்கும் பெரும்பாலும் கெமிஸ்ட்ரியில்தான் பிடிமானம். மெஷின் தெரிந்த ஆள் எப்போதும் தட்டுப்பாடுதான்.

ஒரகடத்தை ஒப்பிட்டுக் கேட்டிருந்தீர்கள். பெரிய கம்பெனி, ஏசி பஸ், கேன்டீன் சாப்பாடு எல்லாம் சரிதான். ஆனால் டிப்ளமோ பையன்களை டிரெயினி என்று எடுத்து, இரண்டு மூன்று வருஷம் ஒரே இடத்தில் ஒரே வேலையைச் செய்யவைத்து, பிறகு புதுப் பையன்களை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கம் நிறைய உண்டு. நிரந்தர வேலை என்று எழுத்தில் வந்தால் தாராளமாகப் போகட்டும். டிரெயினி என்றால் எனக்கு உற்சாகமில்லை. செய்யாறு ஷூ கம்பெனியில் தையலும் ஒட்டுவதும் முக்கியம். மெயின்டனன்ஸ் பிரிவில் எடுத்தால் பரிசீலிக்கலாம், உற்பத்தி லைனில் மெக்கானிக்கல் பையனுக்குப் பெரிய வேலை இல்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பயப்பட வேண்டிய விஷயம் இருக்கிறது, ஆனால் அது நாற்றம் இல்லை.

தோலின் நாற்றம் மட்டும் உடம்பைக் கெடுத்துவிடாது. முதல் வாரம் சாப்பாடு இறங்காது, பிறகு மூக்கு பழகிவிடும். உண்மையான ஆபத்து டிரம்முக்கு உள்ளேயும் கழிவுநீர்த் தொட்டியிலும் இருக்கிறது. சுண்ணாம்பு போட்ட தோலில் சல்பைடு மிச்சமிருக்கும். அதன் மேல் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை வாடை அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நம்பி இறங்குபவன் அப்படியே சாய்வான். அவனைத் தூக்கப் போகிறவனும் சாய்வான். டிரம்முக்குள் ஆணி சரிசெய்ய, கதவு மாற்ற என்று மெக்கானிக்கை இறங்கச் சொல்வது சகஜம். கேஸ் மீட்டர் வைத்துப் பார்க்காமல், வெளியே ஒரு ஆள் நிற்காமல், அவன் இறங்கவே கூடாது. மெயின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் கையை உள்ளே விட வேண்டும். "சுவிட்ச் பக்கத்தில் ஆள் நிற்கிறான், நீ பண்ணு" என்ற பேச்சுக்கு மயங்கக் கூடாது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில், டேனரிகளின் கழிவுநீருக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துப் பேர் இறந்தார்கள். பக்கத்து டேனரியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். தம்பிக்கு இதைச் சொல்லிவையுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, வெளியூர் வேலையில் எங்கே படுப்பது என்பதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

பிளஷிங், ஷேவிங் மெஷினில் விரல் போனவர்களும் உண்டு. புது மெஷின்களில் கை நெருங்கினால் நிற்கும் பாதுகாப்புக் கம்பி இருக்கும். பழைய மெஷின்களில் உற்பத்தி குறைகிறது என்று அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள். தம்பி மாதிரி ஆட்கள் திரும்ப மாட்டச் சொன்னால்தான் மாட்டுவார்கள்.

சொந்தக்காரர்கள் விஷயம். தோல் ஷாப் என்றதும் நம் ஊரில் முகம் சுளிப்பது எதனால் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தோலைத் தொடும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அவர்களையும் தள்ளிவைத்த பழைய புத்தி அது. அதற்கு மரியாதை கொடுத்து ஒரு பையனின் பிழைப்பை முடிவு செய்ய வேண்டியதில்லை. அதே சொந்தக்காரர்கள் காலில் போடுவதும் இடுப்பில் கட்டுவதும் இந்த டேனரிகளில் வந்ததுதான். கல்யாணப் பேச்சு வரும்போது "இத்தாலி மெஷின் சர்வீஸ் பண்றான்" என்று சொல்லுங்கள், பொய்யும் இல்லை. இந்த மெஷின்களில் நல்லவை பல இத்தாலியில் செய்தவைதான். பழைய இத்தாலி மெஷினை இறக்கி, பிரித்து, புதுசாக்கி விற்பதே இங்கே ஒரு தனித் தொழில். அந்தப் பட்டறையில் ஆறு மாதம் நின்றால் தம்பிக்கு நிறையப் பிடிபடும்.

தொழில் நிலைக்குமா என்ற கேள்வியும் நியாயமானது. பாலாறு கெட்டதற்கு டேனரிகள் பொறுப்பு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. 1996-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு பல டேனரிகள் மூடின. மிச்சமிருப்பவை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களோடு இணைந்து, தண்ணீரை ஆர்.ஓ. வைத்து மறுபடி எடுத்து, மிச்சத்தை ஆவியாக்கி உப்பாக்குகின்றன. அங்கே பம்பு, தண்ணீரை வடிகட்டும் மெம்பிரேன், ஆவியாக்கும் எவாப்பரேட்டர் என்று மெக்கானிக்கல் வேலை குவிந்து கிடக்கிறது. டேனரி மெஷின் ஒத்துவராவிட்டால் தம்பி அந்தப் பக்கம் தாவலாம். ஏற்றுமதியை நம்பிய தொழில் என்பதால் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆம்பூர் கலங்கிப் போனது. இப்படிப்பட்ட காலத்தில் புது மெஷின் விற்காது, ஆனால் பழைய மெஷினை ஓட்டித்தானே ஆக வேண்டும்? விற்பனைப் பிரிவை விட்டு சர்வீஸ் பிரிவிலேயே அவன் இருக்கட்டும் என்று சொல்வது அதனால்தான். கற்றுக்கொண்டவனுக்கு வெளியூரும் உண்டு. கான்பூர், கொல்கத்தா, ஜலந்தர் எல்லாம் தோல் ஊர்கள்தான். பங்களாதேஷிலும் எத்தியோப்பியாவிலும் நம் பக்கத்து ஆட்கள் வேலை பார்க்கிறார்கள்.

மேற்படிப்புக்கு அவசரப்பட வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே படிக்க, டிப்ளமோ முடித்தவர்களுக்குச் சில அரசு பொறியியல் கல்லூரிகளில் பகுதி நேர பி.இ. உண்டு. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. தோல் எப்படிப் பதமாகிறது என்று அங்கே கொஞ்சம் தெரிந்துகொண்டால், டேனரியில் டெக்னீஷியன் பேசுவது புரியும். அதைவிட அவசரமாக அவன் படிக்க வேண்டியது மெஷினைத் தானாக இயக்கும் மின்னணுக் கட்டுப்பாடான பி.எல்.சி.யும், எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக்ஸும். ஸ்ப்ரே மெஷினில் தோல் எங்கே வருகிறது என்று சென்சார் பார்த்துச் சொல்லும்போதுதான் துப்பாக்கி பீச்சும். அது கோளாறானால் ஸ்பேனர் உதவாது.

சரி, கம்பெனியிடம் கேட்க வேண்டியது. சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தருவார்களா? மொத்தமாக ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு அதில் பாதி பேட்டாவாக இருந்தால் பி.எஃப். குறைந்துவிடும். இ.எஸ்.ஐ. உண்டா, இல்லாவிட்டால் விபத்துக் காப்பீடு உண்டா? கேஸ் மீட்டர், ஷூ, இயர் பிளக் கம்பெனி தருமா? முதல் ஆறு மாதம் யாரோடு அனுப்புவார்கள்? மூத்த மெக்கானிக்கோடு என்று ஒரு ஆளைக் காட்டிச் சொன்னால் நல்ல கம்பெனி. "வந்து கத்துக்கலாம்" என்றால் சந்தேகப்படுங்கள். முடிந்தால் சேருவதற்கு முன் ஒருநாள் தம்பியை அந்த மூத்தவரோடு ஒரு டேனரிக்குப் போய் வரச் சொல்லுங்கள். அவன் வயிறும் மனசும் தாங்குமா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

இத்தனை காலம் வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பாண்டு எழுதிக் கேட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு, கையெழுத்துப் போட்ட ஜெராக்ஸ் கொடுத்தால் போதும்; ஒரிஜினல் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.