ஷேக்ஸ்பியர் கேள்வி பதில்: பதிவேடுகளில் தெரியும் நாடகக்காரர்

முப்பது ஆண்டுகள் ஆங்கில நாடக இலக்கியம் கற்பித்தேன். ஷேக்ஸ்பியரின் வாழ்க்கை பற்றியும் அவர் காலத்து லண்டன் பற்றியும் நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றில் என்னால் சீக்கிரம் நிறுத்த முடியவில்லை.

கேள்வி: ஐயா, அவர் பிறந்ததும் இறந்ததும் ஒரே தேதி என்கிறார்களே, உண்மையா?

இறந்தது 1616 ஏப்ரல் 23. பிறந்த தேதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அவர் பிறந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் தேவாலயப் பதிவேட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று ஞானஸ்நானம் பெற்றதாக இருக்கிறது. அதை வைத்து மூன்று நாள் பின்னோக்கி எண்ணிக்கொண்டார்கள்.

தேதியைவிட என்னை உலுக்குவது அதே தேவாலயத்தின் அடக்கப் பதிவு. அவர் பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத ஜூலையில், ‘இங்கே கொள்ளைநோய் தொடங்கியது’ என்று இலத்தீனில் ஒரு குறிப்பு வருகிறது. அந்தச் சிற்றூரில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெற்றோர் ஜான், மேரி தம்பதிக்கு முன்பு பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்துபோயிருந்தன. தொட்டிலில் கிடந்த இந்தப் பிள்ளை தப்பியது.

கேள்வி: ஏழைக் குடும்பமா?

இல்லை. தந்தை ஜான் கையுறை தைத்து விற்றவர். 1568இல் அந்த ஊரின் தலைமைப் பொறுப்புக்கே வந்தார். மறைவாகக் கம்பளி வியாபாரமும் வட்டித் தொழிலும் செய்தார். கடனுக்கு 20 பவுண்டு வட்டி வாங்கியதாக 1570இல் அவர்மீது வழக்கு வந்தது. 1570களின் பிற்பகுதியில் நகர மன்றக் கூட்டங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பத்து, பன்னிரண்டு வயதில் தந்தை தலைகுனிவதைப் பார்த்த பையன் பின்னாளில் ‘தி மெர்ச்சண்ட் ஆஃப் வெனிஸ்’ நாடகத்தில் வெனிஸ் நகரத்து வட்டிக்காரனைப் படைத்தார். அந்த நாடகத்தைப் படிக்கும்போது இந்த வழக்கையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: பல்கலைக்கழகப் படியேறாத ஒருவர் இத்தனையும் எழுதியிருக்க முடியுமா? ஆக்ஸ்ஃபோர்டு பிரபுதான் எழுதினார் என்று ஒரு கட்சி இருக்கிறதே?

இந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம்தான் எனக்கு வருத்தம் தருகிறது. கையுறைக்காரர் மகனுக்கு அறிவு வராது என்பதுதானே அது? ஸ்ட்ராட்ஃபோர்டு இலக்கணப் பள்ளியில் பிள்ளைகள் காலை முதல் மாலை வரை இலத்தீன் படித்தார்கள். அவருடைய போட்டியாளர் பென் ஜான்சன் கொத்தனாரின் வளர்ப்பு மகன். கிறிஸ்டோபர் மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். அந்தத் தலைமுறையின் நாடகமே கைவினைஞர் வீடுகளிலிருந்து வந்ததுதான்.

ஆக்ஸ்ஃபோர்டு பிரபு 1604இல் இறந்துவிட்டார். 1609இல் பெர்முடா அருகே நடந்த கப்பல் விபத்தின் செய்திகளை ‘தி டெம்பஸ்ட்’ எடுத்தாள்கிறது. இறந்தவர் எப்படி அதை எழுதினார்?

இதைவிட எனக்குப் பிடித்த சான்று வேறு. 1599இல் அச்சான ‘ரோமியோ ஜூலியட்’ பதிப்பில், வேலைக்காரன் பீட்டர் மேடைக்கு வரவேண்டிய இடத்தில் ‘வில் கெம்ப் வருகிறார்’ என்று இருக்கிறது. கெம்ப் ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவில் நகைச்சுவை நடிகர். பாத்திரத்தின் பெயரை எழுதவேண்டிய கை நடிகரின் பெயரை எழுதிவிட்டது. யார் நடிக்கப்போகிறார், அவர் குரல் எப்படி, நடை எப்படி என்று தெரிந்து, ஒத்திகைக் கூடத்துக்குள் இருந்து எழுதியவரின் கை அது. மாளிகையில் இருந்த பிரபுவுக்கு அந்தத் தவறு வராது.

கேள்வி: நான் கணக்காளர். நாடகம் எழுதியா அவ்வளவு பணம் சேர்த்தார்?

எழுதி அல்ல, பங்கு வைத்திருந்ததால். அந்நாளில் ஒரு நாடகத்துக்குச் சுமார் 6 பவுண்டு கிடைக்கும். கொடுத்ததும் அது குழுவின் சொத்து. எழுதியவருக்கு உரிமை கிடையாது. 1594இல் உருவான சேம்பர்லின் பிரபு குழு என்ற அந்த நாடகக் குழுவில் ஷேக்ஸ்பியர் நடிகர், எழுத்தாளர், கூடவே பங்குதாரர்.

குளோப் அரங்கு எழுந்த கதையைக் கேளுங்கள். அந்தக் குழுவுக்கு லண்டனின் வடபுறம் ஷோர்டிச்சில் ஓர் அரங்கு இருந்தது. நிலக் குத்தகை முடிந்தது; நிலக்காரர் புதுப்பிக்க இழுத்தடித்தார். நிலம் அவருடையது, மரம் எங்களுடையது என்று முடிவு செய்து, 1598 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவர் ஊரில் இல்லாத சமயம், தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டை அழைத்துப்போய் அரங்கையே சட்டம் சட்டமாகப் பிரித்துவிட்டார்கள். அந்த மரங்கள் தேம்ஸ் நதியின் தென்கரைக்குப் போயின. நிலக்காரர் வழக்குமேல் வழக்குப் போட்டார். 1599இல் குளோப் எழுந்துவிட்டது. பாதி, பழைய அரங்கைக் கட்டியவரின் மகன்களான பர்பேஜ் சகோதரர்களுக்கு. மறுபாதி ஐந்து நடிகர்களுக்கு. அதில் ஒருவர் ஷேக்ஸ்பியர். அதாவது பத்தில் ஒரு பங்கு.

அந்த வருமானம் ஊருக்குப் போனது. 1597இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் பெரிய வீடு வாங்கியிருந்தார். 1602இல் 320 பவுண்டுக்கு நிலம். 1605இல் 440 பவுண்டுக்குத் தசமபாக வருவாயின், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் செலுத்தப்படும் வரியின் உரிமை.

கேள்வி: டிக்கெட் எவ்வளவு? யார் யார் வருவார்கள்?

முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. ஒரு சிறு ரொட்டியின் விலை. மாடத்தில் உட்கார இன்னொரு பென்னி, மெத்தையோடு வேண்டுமானால் மூன்றாவது பென்னி. தொழில் பழகும் பையன்களும் மீன் விற்கும் பெண்களும் வழக்கறிஞர்களும் ஒரே கூரைக்கடியில், முற்றத்தில் நின்றவர்களுக்குக் கூரையும் இல்லாமல், பட்டப்பகலில் பார்த்தார்கள். பக்கத்திலிருந்த ரோஸ் அரங்கை 1989இல் அகழ்ந்தபோது ஹேசல் கொட்டையின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன.

கேள்வி: பெண் வேடத்தில் ஆண்கள் என்றால் மக்கள் சிரிக்கமாட்டார்களா?

நம் பழைய நாடக சபாக்களின் ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பார்த்து யார் சிரித்தார்கள், அம்மா? அங்கே அதைச் செய்தவர்கள் மூத்த நடிகர்களிடம் வீட்டோடு தங்கித் தொழில் பழகிய சிறுவர்கள். கிளியோபாட்ரா, லேடி மக்பெத் எல்லாம் அவர்களை நம்பி எழுதப்பட்டவை.

கேள்வி: அரசாங்கம் தொல்லை கொடுத்ததா?

பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகரை நாடோடி என்று தண்டிக்க 1572இலேயே சட்டம் இருந்தது. எந்த நாடகமும் அரசவைக் கேளிக்கை அதிகாரியின் ஒப்புதல் பெறவேண்டும். உண்மையான ஆபத்து 1601 பிப்ரவரியில் வந்தது. எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள், வழக்கமான வசூலுக்குமேல் 40 ஷில்லிங் தருவதாகச் சொல்லி ‘இரண்டாம் ரிச்சர்ட்’ நாடகத்தைப் போடச் சொன்னார்கள். அரசன் முடியிழக்கும் கதை. மறுநாளே எசெக்ஸ் அரசிக்கு எதிராகக் கலகத்தில் இறங்கித் தோற்றார். குழுவின் சார்பில் அகஸ்டின் பிலிப்ஸ் விசாரிக்கப்பட்டார். பழைய நாடகம், கூட்டம் வராது என்றுதான் முதலில் தயங்கினோம் என்றார். விட்டுவிட்டார்கள். எசெக்ஸின் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய இரவு, அதே குழு எலிசபெத் அரசியின் முன் நாடகம் நடத்தியது. அன்று அந்த நடிகர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்!

கேள்வி: மகன் ஹாம்னெட் இறந்த துக்கம்தான் ‘ஹாம்லெட்’ ஆனதா?

ஹாம்னெட்டும் ஜூடித்தும் இரட்டைக் குழந்தைகள். 1585 பிப்ரவரி 2 ஞானஸ்நானம். பதினோரு வயதில், 1596 ஆகஸ்ட் 11 அன்று ஹாம்னெட்டைப் புதைத்தார்கள். இரண்டு பெயர்களும் அந்நாளில் ஒன்றுபோலவே புழங்கின. ஆனால் ஹாம்லெட்டின் கதை பழைய டென்மார்க் கதை. அந்தப் பிள்ளை உயிரோடிருந்தபோதே லண்டன் மேடையில் ஒரு வடிவம் ஆடப்பட்டுவிட்டது.

நான் வேறு நாடகத்தைப் பார்க்கச் சொல்வேன். ‘டுவெல்ஃப்த் நைட்’ நாடகத்தில் இரட்டையரில் ஒரு பெண், கூடப் பிறந்தவன் கடலில் மூழ்கிவிட்டான் என்று நம்பி, அவனைப்போலவே உடுத்தித் திரிகிறாள். கடைசியில் அவன் உயிரோடு எதிரே வந்து நிற்கிறான். நமக்குத் தெரிந்த அதன் முதல் மேடையேற்றம் 1602 பிப்ரவரி 2. தேதி ஒத்துப்போனது தற்செயலாகவே இருக்கட்டும். என்னால் அந்தக் காட்சியைக் கண் கலங்காமல் வகுப்பில் படிக்க முடிந்ததில்லை.

கேள்வி: மனைவிக்கு ‘இரண்டாவது சிறந்த கட்டிலை’ மட்டும் எழுதிவைத்தாரே, என்ன மனிதர் ஐயா?

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வசதியான வீடுகளில் சிறந்த கட்டில் விருந்தினர் அறையில் இருக்கும். இரண்டாவதுதான் கணவனும் மனைவியும் படுத்தது. 1582இல் மணந்தபோது அவருக்குப் பதினெட்டு, மனைவி ஆன் என்பவருக்கு இருபத்தாறு; முப்பத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கை. அதன் உள்ளே என்ன இருந்தது என்பதை ஒரு வரியால் அளக்க முடியாது. கட்டில் பற்றிய அந்த வரி, எழுதி முடித்த உயிலில் இரு வரிகளுக்கு நடுவே பிறகு செருகப்பட்டது.

அப்படியே செருகப்பட்ட இன்னொரு வரியும் உண்டு. அதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். சக நடிகர்கள் ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் மூவருக்கும் நினைவு மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ். பர்பேஜ் 1619இல் இறந்தார். மற்ற இருவரும் குழுவிடமிருந்த நாடகங்களைத் திரட்டி, 1623இல் முப்பத்தாறு நாடகங்களை ஒரே தொகுப்பாக அச்சேற்றினார்கள். அவற்றில் பதினெட்டு அதுவரை அச்சில் வராதவை. ‘மக்பெத்’தும் ‘ஜூலியஸ் சீசரு’ம் ‘டெம்பஸ்டு’ம் அந்த இரட்டையர் நாடகமும் அந்தப் பதினெட்டில்தான் இருக்கின்றன.